ஓய்வு நேரம்: நிறைகுடம் எப்போது தளும்ப வேண்டும்?

“நிறைகுடம் தளும்பாது” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கற்றவன் அடங்கி இருப்பான். உள்ளவன் ஆரவாரம் செய்யான். வலிமை உடையவன் அதை வாயால் சொல்லிக்கொள்ள மாட்டான் என்பது அதன் கருத்து. பிழைப்பின் பொருட்டு அயலூர் வந்து, அறியாதார் நடுவே வாழும் நமக்கு இந்தப் பழமொழி எத்தனையோ இடங்களில் கைகொடுத்திருக்கிறது. ஆயினும் சீட்டாட்ட மேசையில் மட்டும் இதனை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவோர் பெரும்பாலும் நட்டத்தோடுதான் எழுந்து செல்கின்றனர். ஏன் அவ்வாறு என்பதை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணமாயிருந்தது நமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் நம் சங்கத்து இளைஞர். அலுவலக நண்பர்களுடன் சனிக்கிழமை இரவுகளில் போக்கர் ஆடும் பழக்கம் உடையவர். ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்புவதற்கென எடுத்து வைத்திருந்த பணத்தை ஒரே ஆட்டத்தில் இழந்துவிட்டார். “மோசமான சீட்டுகளால் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். மூன்று ராஜாக்களைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றேன். இது விதியா, என் பிழையா?” என்று கேட்கிறார். இரண்டும் உண்டு என்பதே நம் விடை. விதியின் பங்கு எவ்வளவு, பிழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன், ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

போக்கரில் முறைகள் பல. இன்று உலகெங்கும் பெரிதும் ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்பது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பின்னர் மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, அந்த ஏழில் சிறந்த ஐந்தை எவர் அமைக்கிறாரோ அவரே வென்றவர். சீட்டுக் கொடுத்தவுடன் ஒரு முறை, மூன்று திறந்தபின் ஒரு முறை, நான்காவது திறந்தபின் ஒரு முறை, ஐந்தாவது திறந்தபின் ஒரு முறை என நான்கு பந்தயச் சுற்றுகள் நடைபெறும். சேர்க்கைகளின் வரிசையில் தாழ்ந்தது ஒரு ஜோடி. அதற்கு மேல் இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, ஐந்து சீட்டுத் தொடர், ஐந்தும் ஒரே வகை, மூன்றும் இரண்டும் சேர்ந்த ‘ஃபுல் ஹவுஸ்’, ஒரே எண்ணில் நான்கு என்று ஏறிச் செல்லும். எல்லாவற்றுக்கும் மேலானது ஒரே வகையில் அமைந்த தொடர்.

முறை வரும்போது ஆடுபவர் செய்யத்தக்கவை சில. எவரும் பந்தயம் வைக்காதபோது தாமும் வைக்காமல் முறையை விட்டுவிடலாம், இது ‘செக்’. பிறர் வைத்த அளவே தாமும் வைக்கலாம், இது ‘கால்’. அதற்கு மேலும் வைக்கலாம், இது ‘ரெய்ஸ்’. வேண்டாம் என்று சீட்டைக் கவிழ்த்து விலகலாம், இது ‘ஃபோல்டு’. இக்கட்டுரையில் காலை ‘ஈடு வைத்தல்’ என்றும், ரெய்ஸை ‘ஏற்றுதல்’ என்றும், நடுவில் சேரும் தொகையைக் ‘குவியல்’ என்றும் சொல்வோம்.

இனி அன்பரின் ஆட்டத்துக்கு வருவோம். அவர் கையில் இஸ்பேட் ராஜாவும் டைமன் ராஜாவும். மேசையில் அவரைச் சேர்த்து நால்வர். முதல் சுற்றில் அவர் ஏற்றவில்லை. எல்லோரையும் போல ஈடு மட்டும் வைத்தார். பொதுவில் திறந்த மூன்று: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் ஒன்பது, கிளாவர் நான்கு. மூன்று ராஜாக்கள் சேர்ந்துவிட்டன. அந்த நேரத்தில் அதனினும் பெரிய கை எவரிடமும் இருந்திருக்க முடியாது. ‘நாம் பந்தயம் வைத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள்’ என்று எண்ணி, ஒன்றும் வைக்காமல் முறையை விட்டார். மற்ற மூவரும் விட்டனர். நான்காவதாக வந்தது ஹார்ட்டின் இரண்டு. எதிரே இருந்தவர் பந்தயம் வைத்தார். அன்பர் அப்போதும் அடக்கத்தோடு ஈடு வைத்தார். ஐந்தாவது, இஸ்பேட் ஏழு. எதிரே இருந்தவர் மீண்டும் பந்தயம் வைத்தார். ‘இனியும் மறைப்பானேன்’ என்று அன்பர் தம்மிடம் இருந்த அனைத்தையும் வைத்து ஏற்றினார். மற்றவர் தயங்காமல் ஈடு வைத்துத் தம் சீட்டைத் திறந்தார்: ஹார்ட்டின் ஜாக்கி, ஹார்ட்டின் ஆறு. ஐந்து ஹார்ட்டின் சேர்ந்த கைக்கு முன் மூன்று ராஜாக்களும் தலை குனிந்தார்கள்.

இதில் நடந்த பிழைகளைப் படிப்படியாகப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒரு ஜோடி, எடுத்துக்காட்டாக இரண்டு ராஜாக்கள், கையில் சேர்ந்து வருவது 221 முறையில் ஒரு முறையே. அப்படி வந்ததை முதற்சுற்றிலேயே ஏற்றியிருந்தால் ஜாக்கியும் ஆறும் வைத்திருந்தவர் பெரும்பாலும் விலகியிருப்பார். அற்ப விலைக்கு உள்ளே நுழைய முடிந்ததால்தான் அவர் நுழைந்தார்.

அடுத்து, மூன்று பொதுச் சீட்டுகள் திறந்த நேரம். மேசை மேல் இரண்டு ஹார்ட்டின் தெரிகின்றன. கையில் இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவருக்கு இன்னும் ஒன்று வந்தால் போதும். அவர் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் ஹார்ட்டின் 9. எனவே அடுத்த சீட்டிலேயே அது வந்துவிடும் வாய்ப்பு 100க்கு 19. குவியலில் 100 காய் இருப்பதாகவும், அன்பர் 50 காய் பந்தயம் வைத்ததாகவும் கொள்வோம். எதிரே இருப்பவர் 150 காயை வெல்வதற்கு 50 காய் கொடுக்க வேண்டும். நான்கில் ஒரு முறையாவது வென்றால்தான் அவருக்கு அது கட்டுப்படியாகும். அவருக்கோ அடுத்த சீட்டில் ஐந்தில் ஒரு முறைகூட வரவில்லை. பின்னால் பெரிதாய்ப் பறிக்கலாம் என்ற நம்பிக்கையில் அவர் தொடரலாம். ஆயினும் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தே தொடர வேண்டும். அன்பர் முறையை விட்டபோது நடந்தது என்ன? 50 காய்க்கு விற்க வேண்டிய சீட்டை இலவசமாக வழங்கிவிட்டார்.

அடுத்தது நான்காவது சீட்டு. மூன்று ஹார்ட்டின் மேசையில் கிடக்கின்றன. எதிரே இருப்பவர் துணிந்து பந்தயம் வைக்கிறார். இப்போது அன்பர் ஈடு மட்டும் வைத்தது சரியே. இன்னொரு ராஜாவோ, பொதுவில் உள்ள ஒன்பது, நான்கு, இரண்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஜோடியோ வந்தால் அவர் கை மீண்டும் மேலாகிவிடும். அவர் காணாத 46 சீட்டுகளுள் அப்படிப்பட்டவை 10. ஆனால் ஐந்தாவது சீட்டில் அவை எதுவும் வராத பிறகும் அனைத்தையும் வைத்து ஏற்றினார். அந்த ஏற்றத்துக்கு யார் ஈடு வைப்பார்கள்? ஒன்பது ஜோடி வைத்திருப்பவர் வைக்கமாட்டார். ராஜாவும் ஒன்பதும் வைத்திருப்பவர்கூட அஞ்சுவார். ஹார்ட்டின் சேர்த்தவர் மட்டுமே மகிழ்ச்சியோடு வைப்பார். தாழ்ந்த கைகள் எல்லாம் விலக, உயர்ந்த கை மட்டும் நிற்கும்படியான ஏற்றம் அது. பேச வேண்டிய இடத்தில் ஊமையாயிருந்து, ஊமையாயிருக்க வேண்டிய இடத்தில் பேசினார் அன்பர்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வலிமையான கை வந்தவுடன் ‘என் கை எவ்வளவு பெரியது?’ என்று கேட்பதே மனித இயல்பு. அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு: ‘நான் ஏற்றினால், என்னைவிடத் தாழ்ந்த கைகளுள் எவை ஈடு வைக்கும்?’ பல வைக்கும் என்றால் ஏற்ற வேண்டும். ஒன்றுமே வைக்காது, ஆனால் அவற்றால் நமக்கு ஆபத்தும் இல்லை என்றால் பொறுத்திருக்கலாம். நம்மைவிட உயர்ந்தவை மட்டுமே வைக்கும் என்றால் ஏற்றவே கூடாது. ஒரு கையின் மதிப்பு அதற்குள் மட்டும் இல்லை. எதிரே இருப்பவர் அதற்கு என்ன கொடுப்பார் என்பதிலும் இருக்கிறது. சந்தையில் வைத்த பொருளுக்கும் இதே இயல்புதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். ‘ஏற்றுவது கூட்டத்தைக் குறைப்பதற்காக’ என்று பலர் கூறுவர். அதில் பாதி உண்மையே உண்டு. ஆட்டத்தில் தலைசிறந்த தொடக்கக் கையான இரண்டு ஏஸ்களை எடுத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர்கள் எந்தச் சீட்டை வைத்திருந்தாலும் கடைசி வரை நிற்பதாகக் கொண்டால், ஒருவருக்கு எதிரே ஏஸ்கள் 100க்கு 85 முறை வெல்லும். இருவருக்கு எதிரே 73. மூவருக்கு எதிரே 64. நால்வருக்கு எதிரே 56. ஒன்பது பேருக்கு எதிரே 31 மட்டுமே. கூட்டம் கூடக்கூட வெற்றி அரிதாகிறது என்பது மெய். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஒவ்வொருவரும் 10 காய் வைப்பதாகக் கொள்வோம். ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் குவியல் 20. அதில் ஏஸ்காரருக்குச் சராசரியாக வருவது 17. போட்ட 10 போக ஆதாயம் 7. நால்வர் எதிரே இருந்தால் குவியல் 50, சராசரி வரவு 28, ஆதாயம் 18. அடிக்கடி தோற்றாலும், வெல்லும்போது கிடைப்பது பெரிது. ஆகவே கூட்டம் நமக்குப் பகையன்று. காசு கொடாமல் உள்ளே வரும் கூட்டமே பகை. ஏற்றுதல் என்பது வாயிற்காப்போன் கையில் உள்ள தடியன்று. நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் பெட்டி. கட்டணம் கொடுத்து வருவோர் வரட்டும். கொடாதார் வீடு திரும்பட்டும். இரண்டும் நமக்கு நன்மையே.

அப்படியானால் பழமொழி முற்றும் பொய்யோ? அன்று. குடம் தளும்பாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1970ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் போக்கர் உலகத் தொடர்ப் போட்டியில், 1988ஆம் ஆண்டின் இறுதி ஆட்டம் இதற்குப் பெயர்பெற்ற சான்று. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜானி சான் என்பாரும் எரிக் சைடல் என்பாரும் எஞ்சி நின்றனர். சான் கையில் ஜாக்கியும் ஒன்பதும். சைடல் கையில் ராணியும் ஏழும். பொதுவில் திறந்தவை ராணி, பத்து, எட்டு. மூன்றும் மூன்று வேறு வகை. சானுக்கு எட்டு முதல் ராணி வரை தொடர் அமைந்துவிட்டது. சைடலுக்கு ராணி ஜோடி. அது தமக்கு மிக நல்ல கை என்று அவர் எண்ணுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. சான் தம் வலிமையை வெளிக்காட்டவில்லை. கொக்கைப் போலக் காத்திருந்தார். பின்னர் வந்த இரண்டும் ஆறும் எவருக்கும் உதவாத சீட்டுகள். இறுதியில் சைடல் தம் காய்கள் அனைத்தையும் தாமே நடுவில் தள்ளினார். சான் ஈடு வைத்தார். ஆண்டின் பட்டம் அவருடையதாயிற்று. 1998இல் வெளிவந்த ‘ரவுண்டர்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலும் இந்த ஆட்டத்தின் காட்சிகள் இடம்பெற்றுள்ளன.

சானின் மௌனத்தைக் கண்டு வியப்போர் அதன் காரணங்களைக் காண்பதில்லை. முதலாவது, எதிரே ஒருவர்தான், நால்வர் இல்லை. இரண்டாவது, மூன்று பொதுச் சீட்டுகளும் வேறு வேறு வகையாதலால், அடுத்து வரும் ஒரே சீட்டால் ஐந்து ஒரே வகை சேர்ந்துவிடும் ஆபத்து இல்லை. மூன்றாவது, எதிரே இருப்பவருக்குத் தாமே பந்தயம் வைக்கத் தூண்டும் அளவுக்கு ஒரு கை இருந்தது. நான்காவது, சான் முன்கூட்டியே ஆரவாரம் செய்திருந்தால் அந்தக் கை விலகிப் போயிருக்கக்கூடும். இலவசமாகச் சீட்டுக் கொடுத்தாலும் நட்டமில்லை. கொடுப்பதால் எதிரியின் ஊக்கம் வளரும். இவ்விரண்டும் பொருந்திய இடத்தில்தான் மௌனம் பயன்தரும். நம் அன்பரின் மேசையில் எதிரே மூவர் இருந்தனர். இரண்டு ஹார்ட்டின் கண்ணெதிரே கிடந்தன. சானின் ஆடையை அணிந்தால் மட்டும் சானாக முடியாது.

எப்போதும் ஒரே வழியில் நடப்பதும் தீங்கே. வலிமை இருக்கும்போதெல்லாம் மௌனமாகவும், வலிமை இல்லாதபோது மட்டும் ஆரவாரமாகவும் இருப்பவரை மூன்றே வாரத்தில் மேசையினர் படித்துவிடுவர். ஹங்கேரி நாட்டில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928இல் ஆட்டங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்னும் பொருளியல் அறிஞருடன் சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். அவர் எளிமைப்படுத்தி ஆராய்ந்த ஆட்டத்தில் கண்ட முடிவு வியப்புக்குரியது: மிக உயர்ந்த கைகளுக்குப் பந்தயம் வைக்க வேண்டும்; மிகத் தாழ்ந்த கைகள் சிலவற்றுக்கும் பொய்யாகப் பந்தயம் வைக்க வேண்டும்; இடைப்பட்டவற்றோடு அடங்கியிருக்க வேண்டும். பொய்ப் பந்தயங்கள் இருப்பதால்தான் மெய்ப் பந்தயத்துக்கு ஈடு வைப்பார் கிடைக்கின்றனர். மெய்ப் பந்தயங்கள் இருப்பதால்தான் பொய்ப் பந்தயத்துக்கு அஞ்சுவார் கிடைக்கின்றனர். வலிமையான கையை ஏற்றாமல் விடுபவர் அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் இழப்பதில்லை; தம் மற்ற பந்தயங்களின் மதிப்பையும் குறைத்துக்கொள்கிறார்.

இதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2015ஆம் ஆண்டில் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இருவர் மட்டும் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டெம் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுமையான தீர்வைக் கணினியால் கண்டறிந்தனர். அந்தக் கணினி நிரலின் பெயர் ‘செஃபியஸ்’. அது சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது முதல் முறையில் வெறும் ஈடு வைப்பது மிக மிக அரிது. ஏற்றும், அல்லது விலகும். இது தளும்புவோர் பக்கத்துச் சான்று. ஆனால் எதிரி மறுபடி ஏற்றினால், அச்சுற்றில் அனுமதிக்கப்பட்ட கடைசி ஏற்றத்தை, இரண்டு ஏஸ்களே இருந்தாலும் அநேகமாக ஒருபோதும் செய்வதில்லை. ஈடு வைத்துவிட்டுத் தன் வலிமையை மறைத்து அடுத்த சுற்றுக்குச் செல்கிறது. இது தளும்பாதோர் பக்கத்துச் சான்று. முதலில் விலையைச் சொல். சொன்னபின் சத்தமிடாதே என்று அதனை நாம் பொருள் கொள்ளலாம்.

வட நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் போக்கரைவிட அறிமுகமானது தீபாவளி நாட்களில் அண்டை வீட்டார் விரித்து அமரும் ‘தீன் பத்தி’, அதாவது மூன்று சீட்டு. அதிலும் இதே ஐயம் எழும். ஆனால் விடை சற்று மாறும். மூன்று சீட்டில் கொடுத்தபின் புதுச் சீட்டு வருவதே இல்லை. முந்தி இருப்பவர் இறுதி வரை முந்தியே இருப்பார். ஆகவே இலவசச் சீட்டுக் கொடுத்துக் கெடும் ஆபத்து அங்கு இல்லை. மூன்றும் ஒரே எண்ணாக அமைவது 425 முறையில் ஒரு முறை. அது வந்தவர் ஏற்றாமல் பொறுத்திருந்தாலும் முதலிடத்தை இழப்பது அரிது. வரவேண்டிய காய்களை வேண்டுமானால் இழக்கலாம். மௌனத்துக்கு மூன்று சீட்டில் உள்ள விலை குறைவு; ஹோல்டெம் ஆட்டத்தில் உள்ள விலை அதிகம். ஒன்றில் பழகிய அடக்கத்தை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோவதால் தோற்போர் உண்டு.

இனி, அன்பர் கேட்ட விதியின் பங்கு. அவர் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் பந்தயம் வைத்து, ஹார்ட்டின்காரர் ஈடு வைத்திருந்தாலும், ஏறக்குறைய நான்கில் ஒரு முறை ஹார்ட்டின்காரரே வென்றிருப்பார். குற்றமற்ற ஆட்டத்துக்கும் அந்தத் தோல்வி உண்டு. திறமை என்பது ஒரு சனிக்கிழமையில் வெளிப்படுவதன்று. 2017இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘லிப்ரேட்டஸ்’ என்னும் கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது; தன் மேன்மையை ஐயமற நிறுவ அது 20 நாள், 1,20,000 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. கணினிக்கே அத்தனை ஆட்டங்கள் தேவைப்பட்டன. மாதம் பிறந்ததும் ஊரில் பெற்றோர் எதிர்பார்த்திருக்கும் பணத்துக்கோ ஓர் ஆட்டம் தோற்றால் மறு ஆட்டம் இல்லை. எனவே அன்பரின் முதற்பிழை ஹார்ட்டின் இரண்டு வந்தபோது நிகழ்ந்ததன்று. அந்தப் பணத்தை மேசைக்கு எடுத்து வந்தபோதே நிகழ்ந்தது. அதை நாம் கடிந்து சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறோம்.

சட்டத்தையும் நினைவிற்கொள்வது நன்று. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றும், மூன்று சீட்டைப் போல முற்றும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று என்றும் உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. சூதாட்டம் பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பிறந்த ஊரின் வழக்கத்தை நம்பி வாழும் ஊரில் ஆடலாகாது. பணம் வைத்து இணையவழியில் ஆடும் ஆட்டங்களையோ, திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பணம் இல்லாமல் ஆடினால் போக்கரில் சுவை இராது, எல்லோரும் எதற்கும் ஈடு வைத்துக்கொண்டே போவார்கள் என்று சிலர் கூறுவர். அதற்கு எளிய வழி உண்டு. ஆளுக்கு 100 புளியங்கொட்டை எண்ணிக் கொடுங்கள். தீர்ந்தவருக்கு அன்று மறுபடி கொடுப்பதில்லை என்று உறுதியாக இருங்கள். தீர்ந்தவர் எழுந்து போய் அனைவருக்கும் காப்பி கலந்து வர வேண்டும். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு கொட்டையும் வெள்ளிக் காசாகிவிடும். அருமை என்பது பொருளால் மட்டும் வருவதன்று. மீண்டும் கிடைக்காது என்பதாலும் வரும். ஏற்றுவதா, ஈடு வைப்பதா என்னும் நடுக்கமும் தேர்வும் அப்போது முழுமையாகவே இருக்கும். மறுநாள் வாடகையோ பள்ளிக் கட்டணமோ மட்டும் நடுங்காது.

நேயர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். மேசையில் உங்களைச் சேர்த்து மூவர். உங்கள் கையில் டைமன் பத்தும் கிளாவர் பத்தும். முதற்சுற்றில் உங்களுக்கு முன் இருப்பவர் ஏற்றினார். நீங்களும் மூன்றாமவரும் ஈடு வைத்தீர்கள். பொதுவில் திறந்தவை இஸ்பேட் பத்து, ஹார்ட்டின் நான்கு, கிளாவர் இரண்டு. முதலில் ஏற்றியவரே மறுபடியும் பந்தயம் வைக்கிறார். மூன்றாமவர் உங்களுக்குப் பின் முறைக்குக் காத்திருக்கிறார். ஏற்றுவீர்களா, ஈடு வைப்பீர்களா? விடையோடு காரணத்தையும் எழுதுங்கள். தாழ்ந்த கைகளுள் எவை ஈடு வைக்கும், அடுத்த சீட்டில் எவை உங்களை முந்தக்கூடும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் மறுமொழி இருக்க வேண்டும். நம் விடை அடுத்த இதழில்.